பேப்பர் தாத்தாவும் ஒரு உஷ்ஷும்

ஆழ்வார்பேட்டையில் வீடு என்று சொன்னால் ஆபீஸில் இரண்டே கேள்விதான் வரும். "ஆண்டவர் வீட்டுப் பக்கமா?" என்பது முதல் கேள்வி. "வாடகை எவ்ளோ?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு ஆமாம், நடக்கிற தூரம்தான், ஒரு தடவைகூட தரிசனம் கிடைச்சதில்லை. இரண்டாவதுக்கு பதில் சொன்னால் எனக்கே அழுகை வரும் என்பதால் நேரா விஷயத்துக்குப் போயிடலாம்.

விஷயம் இதுதான். எங்க பக்கத்து அபார்ட்மெண்ட்டை இடிச்சுட்டு புதுசா கட்ட ஆரம்பிச்சாங்க. காலை எட்டு மணிக்கு டிரில்லிங் மெஷினை ஸ்டார்ட் பண்ணினால் சாயங்காலம் வரைக்கும் நிறுத்த மாட்டாங்க. வாரத்துல மூணு நாள் வீட்டிலிருந்து பொட்டி தட்டற ஜாதி நான். ஒரு நாள் மீட்டிங்கில் மியூட்டை எடுத்துட்டு வாயைத் திறந்தேன். "என்னப்பா, பல் டாக்டர் கிளினிக்ல உட்கார்ந்துட்டு பேசறியா?" என்று கேட்டார் மேனேஜர். அன்னிக்கு முடிவு பண்ணினேன், இனிமே ஆணி பிடுங்கற நேரம் போக மத்த நேரமெல்லாம் லைப்ரரியில்தான் என்று.

எந்த லைப்ரரி என்று சொல்லப் போறதில்லை. மயிலாப்பூர், தேனாம்பேட்டை, ராயப்பேட்டை என்று எங்க வீட்டைச் சுத்தி சைக்கிள் மிதிக்கிற தூரத்துல ஏதோ ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க. ரெண்டு ஹால், ஒரு வராண்டா. முதல் ஹாலில் பேப்பர், வாரப் பத்திரிகை. உள் ஹாலில் அலமாரிகளும் நீளமான ரெண்டு மேஜையும். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை 'டக்' என்று சொல்லும் ஃபேன். வாசலில் வருகைப் பதிவேடு, அதோட நூலில் கட்டின பேனா. சுவரில் பெரிய எழுத்தில் 'அமைதி காக்கவும்'.

அந்த போர்டைப் பார்த்ததும் எனக்கு கண்ணில் தண்ணியே வந்துடுச்சு. ரெண்டே நாளில் வேற காரணத்துக்காக மறுபடி வந்தது.

லைப்ரரியில் சத்தம் போடறவங்களை ஒரு வாரம் உட்கார்ந்து வகைப்படுத்தினேன். (இஞ்சினியரிங் படிச்சதுக்கு அதாவது உபயோகப்படட்டும்.)

முதல் வகை, போன் மாமா. செல் அடித்ததும் கையால வாயை மூடிக்கிட்டு பேசுவார். கை மூடினதுக்கு ஈடு கட்டற மாதிரி குரலை இன்னும் கொஞ்சம் உசத்திடுவார். அவர் பொண்ணுக்கு வரன் பார்க்கறாங்க. பொண்ணோட நட்சத்திரம், ராசி, சம்பளம் எல்லாம் அந்த ஹாலில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் மனப்பாடம்.

ரெண்டாவது வகை, ரீல்ஸ் தம்பி. ஹெட்போன் கழுத்தில் தொங்கும். சத்தம் மட்டும் போனிலிருந்து வரும். அது எப்படி என்று இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

மூணாவது, குரூப் ஸ்டடி கோஷ்டி. நாலு பேர். ஒருத்தன் கேள்வி கேட்பான், மூணு பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்வாங்க, அப்புறம் எது சரி என்று அரை மணி நேரம் பஞ்சாயத்து நடக்கும்.

நாலாவது, பேப்பர் தாத்தா. வெள்ளை வேட்டி, அரைக்கை சட்டை, பக்கத்தில் சாத்தி வைத்த குடை. காலையில் கதவு திறக்கும்போதே வந்துடுவாராம். தலைப்புச் செய்தியில் ஆரம்பித்து தங்கம் விலை, கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வரைக்கும் எல்லாத்தையும் வாய்விட்டுப் படிப்பார். கத்த மாட்டார். கோவிலில் பக்கத்தில் நிற்பவர் சுலோகம் சொன்னா நமக்குக் கேட்குமே, அந்த அளவு. நடுநடுவே "அடப்பாவி", "இது நல்ல விஷயம்" என்று ஒரு விமர்சனம்.

அஞ்சாவது வகையும் ஒண்ணு இருக்கு. அதுக்குக் கடைசியில் வரேன்.

இவங்களை அடக்க நான் செய்த முயற்சிகள்: ஒன்று, முறைப்பு. பயனில்லை, யாரும் என்னைப் பார்க்கவேயில்லை. இரண்டு, தொண்டையைச் செருமுவது. பக்கத்தில் இருந்தவர் விக்ஸ் மிட்டாய் கொடுத்தார். மூன்று, "உச்" கொட்டுவது. ஃபேன் சத்தத்தோட கலந்து அதுவும் 'டக்'கோட ஒரு 'உச்'சா போயிடுச்சு.

என் மேஜையில் எதிர்ப்பக்கம் ஒரு பொண்ணு வந்து உட்காரும். மதியம் ரெண்டு மணிக்கு மேல்தான் வரும். ஆறாம் கிளாஸ் சமூக அறிவியல் புத்தகத்தை அவ்வளவு தீவிரமா படிக்கும். முதல் நாள் டியூஷன் டீச்சர் போல என்று நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, டிஎன்பிஎஸ்சி குரூப் 4. இருநூறு கேள்வி, முந்நூறு மார்க், மூணு மணி நேரம். அதுக்கு ஆறாவதிலிருந்து எல்லா ஸ்கூல் புத்தகத்தையும் கரைச்சுக் குடிக்கணும். காலையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை, மதியத்துக்கு மேல் இங்கே. காதில் பஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் படிக்கும்.

அந்தப் பஞ்சைப் பார்த்தபோதுதான் எனக்குள்ளே ஹீரோ முழிச்சுக்கிட்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். உள் ஹாலில் போன் மாமா திருநெல்வேலி வரன்கிட்டே நட்சத்திரம் ஒப்பிச்சுக்கிட்டு இருந்தார். முதல் ஹாலிலிருந்து தாத்தா குரல். எனக்குத் தாங்கலை. எழுந்தேன். போன் மாமாவைத் தாண்டினேன். (ஆமாம், தாண்டிட்டேன். ஏன்னு அப்புறம் சொல்றேன்.) முதல் ஹாலுக்குப் போய் தாத்தா முன்னால நின்னேன்.

"சார், இது லைப்ரரி. உங்க வீட்டுத் திண்ணை இல்லை. உள்ளே ஒரு பொண்ணு பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கு. காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு படிக்குது, தெரியுமா உங்களுக்கு?"

ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தாங்க. எல்லோரும் நிமிர்ந்தாங்க. தாத்தா என்னை ஒரு தடவை பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. பேப்பரை நாலாக மடிச்சு கம்பி ஸ்டாண்டில் ஒழுங்கா தொங்கவிட்டார். கண்ணாடியைக் கழற்றி கூட்டுக்குள்ளே வெச்சார். குடையை எடுத்துக்கிட்டு போயிட்டார்.

பிரமாதமான அமைதி. நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அந்தப் பொண்ணு பஞ்சை எடுத்துட்டு என்னைப் பார்த்தது. ஒரு நன்றியை எதிர்பார்த்து பவ்யமா முகத்தை வெச்சுக்கிட்டேன்.

"ஏன் அண்ணா அவரைப் போய் அப்படிச் சொன்னீங்க?"

"இல்லம்மா, உனக்கு தொந்தரவா..."

"அவர் படிக்கறது எனக்குத் தொந்தரவே இல்ல அண்ணா. எனக்கு பேப்பர் படிக்க டைம் இருக்காது. உள்ளே வரப்போ போறப்போ அவர் படிக்கறதைக் கேட்டுத்தான் நடப்பு நிகழ்வு நோட்ஸே எழுதறேன். பஞ்சு வெச்சது அவருக்காக இல்ல." சொல்லிட்டு கண்ணால ஜன்னல் பக்கம் காட்டியது. போன் மாமா இப்போ ராசிக்கு வந்திருந்தார்.

இப்போ சொல்றேன், மாமாவை ஏன் தாண்டிப் போனேன் என்று. மாமா நல்ல வாட்டசாட்டமா இருப்பார். தாத்தா ஒல்லி. அவ்வளவுதான். சத்தம் யார் அதிகம் போட்டாங்க என்று நான் பார்க்கவில்லை. யாரைத் திட்டினால் திருப்பித் திட்ட மாட்டாங்க என்று பார்த்திருக்கேன். அதுக்கு அந்தப் பொண்ணு பேரையும் அதைக் கேட்காமலே இழுத்து விட்டிருக்கேன். வீட்டுக்குப் போகும்போது சைக்கிள் வழக்கத்தைவிட கனமா இருந்தது.

மறுநாள் தாத்தா வரலை. அதுக்கு மறுநாளும் வரலை.

நாலாவது நாள் நூலகர் மேடம் என்னைக் கூப்பிட்டாங்க. ஐம்பது வயசு இருக்கும். வருகைப் பதிவேட்டைத் திருப்பி வெச்சாங்க. ஒவ்வொரு பக்கத்திலும் முதல் கையெழுத்து தாத்தாவோடது. பழைய பாணியில் பூச்சியைப் போல சுருட்டி எழுதற கையெழுத்து. செவ்வாய் வரைக்கும் இருந்தது. அப்புறம் இல்லை.

"அவர் தனி ஆள் தம்பி. வீட்ல பேச யாரும் கிடையாது. ஒரு நாளைக்கு வாயைத் திறந்து குரலை வெளியே விடறது இங்கே பேப்பர் படிக்கறப்போதான்."

"ஆனா மேடம், சத்தம் போடறது தப்புதானே?"

"தப்புதான். நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். ஆனா நான் சொன்னா அவர் மறுநாளும் வருவார். நீங்க சொன்னீங்க, வரலை பாருங்க. அதான் வித்தியாசம்."

எனக்கு பதில் சொல்லத் தெரியலை. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராமல், லைப்ரரியில் அமைதியா இருக்கணும் என்று முதலில் யார்தான் சொன்னாங்க என்று தேட ஆரம்பிச்சேன். (ஒரு பக் வந்தால் அது எந்த கமிட்டில் நுழைஞ்சது என்று தேடற வியாதி.)

தேடினதில் முதலில் கிடைச்சவர் நம்ம ஊர்க்காரர். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். இந்திய நூலகவியலின் தந்தை, அவர் பிறந்த நாளான ஆகஸ்ட் 12-ஐ தேசிய நூலகர் தினமா கொண்டாடறோம் என்பதெல்லாம் ஸ்கூலிலேயே படிச்சது. படிக்காதது இது: அவர் அடிப்படையில் கணக்கு வாத்தியார், பிரசிடென்சி காலேஜில். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரா வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவரால் தாங்க முடியலை. பேச ஆளில்லாத தனிமை, அமைதி. எனக்கு இந்த வேலை வேண்டாம், பாடம் நடத்தவே போறேன் என்று போய்க் கேட்டிருக்கார். லண்டனுக்குப் போய் நூலகப் படிப்பு படிச்சுட்டு வா, அதுக்கப்புறமும் பிடிக்கலைன்னா பழைய வேலைக்குப் போகலாம் என்று அனுப்பி வெச்சாங்க. போனவர் அங்கே ஜனங்கள் நிறைஞ்ச லைப்ரரிகளைப் பார்த்தார். 1925-ல் திரும்பி வந்து இருபது வருஷம் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

கவனிச்சீங்களா? நூலகத்தந்தையை முதலில் நூலகத்தை விட்டு ஓட வெச்சது சத்தம் இல்லை, அமைதி.

ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். உலகம் பூராவும் லைப்ரரி சயின்ஸ் படிக்கிறவங்களுக்கு அதுதான் அரிச்சுவடி. புத்தகம் பூட்டி வைக்க இல்லை, பயன்படத்தான் என்கிறது முதல் விதி. எந்த வாசகர் வந்தாலும் அவருக்கான புத்தகம் கிடைக்கணும், எந்தப் புத்தகத்துக்கும் அதோட வாசகர் கிடைக்கணும் என்பது ரெண்டாவதும் மூணாவதும். வாசகரோட நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது நாலாவது. நூலகம் வளர்ந்துகிட்டே இருக்கற ஒரு உயிர் என்பது அஞ்சாவது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'அமைதி காக்கவும்' என்று ஒரு விதி அதில் இல்லை!

அதுக்காக சத்தம் போடலாம் என்று அர்த்தமில்லை. நாலாவது விதியைப் பாருங்க. அந்தப் பொண்ணுக்கு மதியம் ரெண்டு மணிக்கு மேல்தான் நேரம். போன் மாமா அதில் அரை மணி நேரத்தைத் தின்னால் அது திருட்டுதான். ஆனால் ரெண்டாவது விதியையும் பாருங்க. தாத்தாவும் வாசகர்தான். அவருக்கும் அவரோட பேப்பர் வேணும். நாலாவது விதிப்படி பொண்ணு பக்கம் நியாயம், ரெண்டாவது விதிப்படி தாத்தா பக்கம் நியாயம். ரெண்டு பேரையும் ஒரே கூரைக்குக் கீழே வெச்சுக்கறதுதான் லைப்ரரி நடத்தறது. ஒருத்தரைத் துரத்திட்டு இன்னொருத்தரை வெச்சுக்கறது ரொம்ப சுலபம். அதை நானே ஒரு நிமிஷத்தில் செஞ்சு காட்டிட்டேனே.

இன்னொண்ணும் அன்னிக்குத் தோணியது. மௌனமா படிக்கறதே கொஞ்சம் புதுப் பழக்கம்தான். நாலாம் நூற்றாண்டில் மிலான் நகரத்தில் ஆம்புரோஸ் என்ற பாதிரியார் உதடு அசையாமல் படிப்பதைப் பார்த்து புனித அகஸ்டின் அதை ஒரு அதிசயமா எழுதி வெச்சிருக்கார். நம்ம பக்கம் கேட்கவே வேண்டாம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பாடம் என்றாலே சத்தமா ஒப்பிப்பதுதான். உ.வே.சாமிநாதையர் திருவாவடுதுறையில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படிச்சதும் ஓலையை ஒருத்தர் உரக்கப் படிக்க, குரு விளக்கம் சொல்ல, அப்படித்தான். எழுத்து தெரிஞ்சவங்க குறைவா இருந்த காலத்தில் டீக்கடையிலும் சலூனிலும் திராவிட இயக்கப் படிப்பகங்களிலும் ஒருத்தர் பேப்பரை சத்தமா படிக்க, சுத்தி உட்கார்ந்து மத்தவங்க கேட்டாங்க. அங்கே வாய்விட்டுப் படிக்காமல் இருந்திருந்தால்தான் சண்டைக்கு வந்திருப்பாங்க.

தமிழில் 'வாசிக்கிறது' என்ற வார்த்தையையே பாருங்க. புத்தகமும் வாசிக்கிறோம், வீணையும் வாசிக்கிறோம். டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாடமியைத் தாண்டித்தான் தினமும் போறேன், இத்தனை நாள் இது தோணலை. தாத்தா பேப்பரை வாசிச்சார். நான் சபாவில் பாதிக் கச்சேரியில் எழுந்து போய் வித்வானை நிறுத்தச் சொன்ன கதையாயிடுச்சு.

சரி, தத்துவம் போதும். அஞ்சாவது வகைக்கு வரேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை. ஆபீஸில் ஒரு பிரச்சினை, ப்ரொடக்‌ஷனில் ஏதோ படுத்துக்கிச்சு. லைப்ரரியில் லேப்டாப்பைத் திறந்து, புளூடூத் ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு, 'நான் சும்மா கேட்கத்தானே போறேன்' என்று மீட்டிங்கில் சேர்ந்தேன். ஹெட்செட்டில் சார்ஜ் இல்லை. அது எனக்குத் தெரியாது. அடுத்த வினாடி, அந்த ஹால் கட்டின நாளிலிருந்து கேட்டிருக்காத ஒரு சத்தத்தில் என் மேனேஜர் குரல்: "ஹலோ... நான் பேசறது எல்லாருக்கும் கேக்குதா?"

கேட்டது. எல்லாருக்கும் கேட்டது. அலமாரிக்குப் பின்னால இருந்தவங்களுக்கும் கேட்டது.

வால்யூம் பட்டனைத் தேடறேன், கை நடுங்கி அதிகமாக்கும் பட்டனை அமுக்கறேன். லேப்டாப்பைப் படார் என்று மூடினேன். திரும்பிப் பார்த்தால் மொத்த ஹாலும் என்னையே பார்க்குது. ஜன்னலோரத்திலிருந்து போன் மாமா நிதானமா, ரொம்ப நிதானமா, "உச்" கொட்டினார். அவ்வ்வ்வ்...

அந்தப் பொண்ணு புத்தகத்தால் முகத்தை மூடிக்கிட்டு சிரிச்சது. யாரும் திட்டலை. மேடம் எழுந்து வந்தாங்க. என் பக்கத்தில் குனிஞ்சு, எனக்கு மட்டும் கேட்கற மாதிரி, "அவசர வேலையா தம்பி? வராண்டாவுல பிளக் பாயிண்ட் இருக்கு, நாற்காலி போட்டிருக்கேன்" என்றாங்க. அவ்வளவுதான். நான் எழுந்து போனேன். மறுநாளும் வந்தேன். ஏன் வந்தேன் என்று யோசிச்சப்போதான் மேடம் சொன்ன 'வித்தியாசம்' மண்டையில் ஏறியது.

அதுக்கப்புறம் மேடம் எப்படிச் சமாளிக்கறாங்க என்று பார்க்கவே போக ஆரம்பிச்சேன். போன் மாமாகிட்டே ஒரு நாள் போய், "சார், பொண்ணோட நட்சத்திரம் எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. வீட்டு விஷயம், நாலு பேர் காதுல விழணுமா? வெளியே நின்னு பேசுங்களேன்" என்றாங்க. மாமா பதறிப்போய் எழுந்தார். அவருக்கு காது கொஞ்சம் மந்தமாம், தான் எவ்வளவு சத்தமா பேசறோம் என்றே தெரியாதாம். குரூப் ஸ்டடி கோஷ்டிக்கு நாலு மணிக்கு மேல் வராண்டா. ரீல்ஸ் தம்பிகிட்டே, "அந்த அக்காவுக்குப் பரீட்சைப்பா" என்றாங்க. போர்டைக் காட்டலை, ஆளைக் காட்டினாங்க. முன்னாடியே அந்தப் பொண்ணுகிட்டே, "உன் பேரைச் சொல்லிக் கேட்கட்டுமா?" என்று கேட்டுட்டுத்தான்.

யோசிச்சா பெரிய லைப்ரரியிலும் இதேதான் பண்றாங்க. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ல் திறந்தது. ஒன்பது தளம். குழந்தைகளுக்குத் தனித் தளம், பார்வையில்லாதவங்களுக்குத் தனிப் பிரிவு, சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கறவங்களுக்குத் தனி இடம். குழந்தைகளை வாயை மூடு என்று சொல்லவேண்டாம், அவங்க தளத்தில் அவங்க இஷ்டம். அங்கே மாடியில் செய்ததை எங்க மேடம் வராண்டாவில் செய்யறாங்க.

இதை எல்லாம் பார்த்துக் கத்துக்கிட்டதை யாருக்காவது உபயோகப்படட்டும் என்று எழுதி வைக்கிறேன்:

1. உட்கார்ந்த இடத்திலிருந்து முறைக்காதீங்க, உஷ் சொல்லாதீங்க. எழுந்து போய், பக்கத்தில் குனிஞ்சு, அவங்க காதுக்கு மட்டும் சொல்லுங்க. நாலு பேர் முன்னால சொன்னால் சத்தம் நிக்காது, ஆள்தான் போவார்.

2. 'இது லைப்ரரி' என்று சொல்லாதீங்க. அது அவங்களுக்கும் தெரியும். 'எனக்குப் படிக்க முடியலை' என்று உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க. அடுத்தவங்க கஷ்டத்தைச் சொல்றதா இருந்தால் அவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க.

3. 'பேசாதே' என்பதோட நிறுத்தாமல் 'அங்கே பேசலாமே' என்று ஒரு இடம் காட்டுங்க.

4. சத்தமா பேசற எல்லோரும் திமிரில் பேசலை. பாதிப் பேருக்குக் காது கேட்கலை.

5. கேட்கலைன்னா நூலகர்கிட்டே சொல்லுங்க. நீங்களே நூலகர் ஆகாதீங்க.

6. திட்டப் போறதுக்கு முன்னால ஒரு கேள்வி: இவர் என்னைவிட பலசாலியா இருந்தாலும் இதே குரலில் சொல்வேனா?

ஆறாவதுதான் எனக்கு ரொம்ப செலவு வெச்ச பாயிண்ட்.

தாத்தாவைக் கண்டுபிடிக்க ரெண்டு வாரம் ஆச்சு. காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் உட்காருவார் என்று மேடம்தான் சொன்னாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை காலை ஆறரைக்குப் போனேன். வாக்கிங் கூட்டத்துக்கு நடுவுல, மரத்தடி பெஞ்சில், அதே குடை. கையில் சொந்தமா வாங்கின பேப்பர். மௌனமா படிச்சிட்டிருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமா இருந்தது.

போய் நின்னேன். வீட்டில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோச்சு. "சார், அன்னிக்கு லைப்ரரியில... நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

கண்ணாடிக்கு மேலே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீ சொன்னது சரிதாம்பா. சத்தம்தான் போட்டேன். ஆனா திண்ணைன்னு ஒரு வார்த்தை சொன்னே பாரு..." நிறுத்தினார். நான் தலையைக் குனிஞ்சேன். "எங்க வீட்ல திண்ணையே கிடையாது. மூணாவது மாடி, லிஃப்ட்டும் இல்ல. திண்ணை இருந்தா நான் ஏன் அங்க வரப்போறேன்?"

சிரிக்கிறாரா கோபமா என்று தெரியலை. நானும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு பேப்பரின் நடுப்பக்கத்தை என்கிட்டே நீட்டினார். "இதைப் படி. கண்ணு கூசுது" என்றார். வாய்விட்டுப் படிச்சேன். வாக்கிங் போனவங்க திரும்பிப் பார்த்தாங்க. வெக்கமா இருந்தது, ரெண்டு பாரா தாண்டினதும் சரியாயிடுச்சு.

செவ்வாய்க்கிழமை லைப்ரரிக்குப் போனப்போ பதிவேட்டில் முதல் கையெழுத்து பூச்சி மாதிரி சுருண்டிருந்தது. மேடம் ஒரு பேப்பர் ஸ்டாண்டையும் ரெண்டு நாற்காலியையும் வராண்டாவில் போட்டிருந்தாங்க. தாத்தா அங்கே உட்கார்ந்து தங்கம் விலை படிச்சிட்டிருந்தார். ஜன்னல் கதவைச் சாத்தினால் உள்ளே கேட்காது. அந்தப் பொண்ணு நடப்பு நிகழ்வு நேரத்துக்கு மட்டும் கதவைத் திறந்து வெச்சுக்கும். இப்போ பஞ்சு வெச்சுக்கறதில்லை.

1948-ல் நம்ம மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம். அதுக்குப் பின்னால இருந்த முக்கியமான ஆள், அமைதி தாங்காமல் ஓடப் பார்த்த அதே ரங்கநாதன். அந்தச் சட்டத்தால்தான் சொத்து வரியோட நூலக வரியும் வசூலாகுது. அதாவது எங்க பக்கத்து அபார்ட்மெண்ட்டு டிரில்லிங்காரங்க வரைக்கும் அந்த நாற்காலிக்குக் காசு கொடுக்கறாங்க. யாரும் கேட்காமல், எதையும் வாங்காமல், நாள் பூரா உட்காரலாம். ஊரில் அப்படி வேற எத்தனை இடம் இருக்கு என்று எண்ணிப் பாருங்க. அதில் ஒருத்தரை ஒரு வார்த்தையால எழுப்பி அனுப்பிட்டேன், எனக்குக் கொஞ்சம் அமைதி வேணும் என்று.

குரூப் 4 பரீட்சை முடிஞ்சது. ரிசல்ட் இன்னும் வரலை. போன் மாமா பொண்ணுக்கு வரன் அமைஞ்சுடுச்சு, பத்திரிகை எங்க எல்லாருக்கும் கொடுத்தார். (நட்சத்திரம் தெரிஞ்சவங்களை எப்படிக் கூப்பிடாமல் இருக்கறது!) என் ஹெட்செட்டை தினமும் ராத்திரி மறக்காமல் சார்ஜ் போடறேன்.

நேத்து உள்ளே உட்கார்ந்திருக்கும்போது என் போன் மேஜைமேல் 'டுர்ர்' என்று அதிர்ந்தது. வராண்டா ஜன்னல் வழியா தாத்தா எட்டிப் பார்த்தார்.

"உஷ்" என்றார்.

பி.கு: அந்த 'டக்' ஃபேனுக்கு எண்ணெய் போட ஆள் கூட்டிட்டு வரேன் என்று மேடம்கிட்டே சொன்னேன். "வேணாம் தம்பி, அதுவும் நின்னா தூங்கிடுவாங்க" என்றுட்டாங்க :-)